புள்ளி தொலைந்த ஊர்ப்பெயர்: பார்சல் போய்ச் சேருமா?

ஜெர்மனியில் படிக்கும் மகளுக்கு நாலு புத்தகமும் ஒரு புடவையும் அனுப்பவேண்டும். முகவரியை அச்சிட்டு எடுத்தால், மியூனிக் நகரின் பெயருக்கு நடுவே ஏதோ குப்பை: தலையில் அலைக்கோடு போட்ட ‘ஏ’, பக்கத்தில் கால் என்ற பின்னக்குறி. பார்சல் வேறு ஊருக்குப் போய்விடுமோ என்று பதறாதீர்கள். பெரும்பாலும் போகாது. நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு.

அந்தக் குப்பை எப்படி வந்தது? ஜெர்மானியர் அந்த ஊரின் பெயரை எழுதும்போது ‘யு’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். கணினி எழுத்தை எண்ணாகத்தான் சேமிக்கும். இதற்குக் குறியேற்றம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) என்று பெயர். இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் புள்ளி வைத்த யுவுக்கு இரண்டு எண்கள். பழைய முறையில் படிக்கும் மென்பொருள் அவற்றை இரண்டு தனி எழுத்தாக நினைத்துக்கொள்கிறது. பாமினியில் அடித்த தமிழ்க் கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியுமே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

இப்படிச் சிதைந்ததை மீட்க முடியுமா? முடியும். ஒரே எழுத்து எப்போதும் ஒரே மாதிரிதான் சிதையும். பிரான்சிலிருந்து ரஷ்யாவுக்கு ஒரு பார்சல் முழுக்க இப்படிச் சிதைந்த முகவரியோடு போனது. அங்கே அஞ்சல் ஊழியர்கள் ஒவ்வொரு குறிக்கும் உரிய ரஷ்ய எழுத்தைக் கண்டுபிடித்து, மேலேயே எழுதிச் சேர்த்தார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறி வந்திருந்தால், இருந்த எழுத்து தொலைந்தே போய்விட்டது. ஊகிக்கத்தான் முடியும்.

பிறகு எதை வைத்துத் தபால் போகிறது? முதலில் நாட்டின் பெயர், அடுத்து அஞ்சல் குறியீட்டு எண். நம்முடைய பின்கோடு ஆறு இலக்கம். ஜெர்மனியில் 1993 ஜூலை 1 முதல் ஐந்து இலக்கம். மியூனிக்கின் பழைய நகரப் பகுதிக்கு 80331. பிராங்பர்ட் என்ற பெயரில் அங்கே இரண்டு நகரங்கள் உண்டு. 60311 என்றால் மேற்கே மைன் ஆற்றங்கரையில் இருப்பது, 15230 என்றால் போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் இருப்பது. பெயரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதி எண்ணை மாற்றி எழுதினால்தான் ஆபத்து. எண் சரியாக இருந்தால், அந்தப் பகுதியில் இருக்கும் தெருக்கள் கொஞ்சம்தான். சிதைந்த தெருப்பெயரையும் அதோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இயந்திரத்துக்குப் புரியாத முகவரியை ஒரு ஊழியர் திரையில் பார்த்துப் படித்துச் சொல்வார்.

அப்படியானால் பயப்பட வேண்டியது எதற்கு? ஆளின் பெயருக்கு. ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்கு நம் ஊர்போல் கதவு எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தபால்காரர் தெருவையும் கட்டட எண்ணையும் பார்த்து வந்து, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டியிருக்கும் பெயரைத் தேடுவார். பெயர் பொருந்தாவிட்டால் பார்சல் திரும்பிவிடலாம். நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக இருந்தால், அங்கே பெட்டியில் அதுதான் ஒட்டியிருக்கும். நீங்கள் மகளின் பெயரோடு இனிஷியலை மட்டும் எழுதினால் தபால்காரர் தேடும் பெயர் அங்கே இருக்காது. வேறொருவர் வீட்டில் தங்கியிருந்தால், பெட்டியில் உள்ள பெயரைக் ‘கேர் ஆஃப்’ போட்டுச் சேர்த்து எழுதுங்கள்.

புள்ளி வைத்த எழுத்தை எப்படி எழுதுவது? ஜெர்மன் பெயராக இருந்தால் புள்ளியை விட்டுவிட்டு, அந்த எழுத்தை அடுத்து ஆங்கில ‘இ’ எழுத்தைச் சேருங்கள். ‘பி’ போலத் தெரியும் எழுத்துக்கு இரண்டு ‘எஸ்’. ஜெர்மானியரே இப்படி எழுதுவார்கள், தப்பாகத் தெரியாது. துருக்கி, ஹங்கேரி ஊர்களுக்கு இந்த வழி வேண்டாம். அங்கே குறியை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

மற்றபடி வரிசை இது: பெயர், தெருப்பெயரும் அதன் பின்னே கட்டட எண்ணும், அஞ்சல் எண்ணும் அதன் பின்னே ஊரும், கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நாடு. சுங்கப் படிவத்திலும் இதே எழுத்துகளில் நிரப்புங்கள். அனுப்புநர் முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். சேராவிட்டால் உங்களிடம் திரும்ப அதுதான் வழி.

அனுப்பிய பிறகுதான் பிழையைக் கவனித்தீர்களா? ரசீதில் உள்ள 13 எழுத்து-எண் கொண்ட கண்காணிப்பு எண்ணை மகளுக்கு அனுப்பிவிடுங்கள். பார்சல் எங்கே நிற்கிறது என்று அதை வைத்து அவர் அங்கிருந்தே விசாரிக்கலாம்.

இன்னும் அனுப்பவில்லை என்றால், தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருப்பதை எழுத்து மாறாமல் முதல் வரியில் எழுதுங்கள்.