தின்பண்டங்களும் உடல் எடையும்

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்றனர் நம் முன்னோர். இன்று நாம் கடைகளில் வாங்கி உண்ணும் பாக்கெட் தின்பண்டங்களோ, மெல்லும் வேலையே வைக்காமல் வாயில் கரைந்துவிடுகின்றன. உடல் எடை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். "நாவடக்கம் இல்லாதவர்கள்" என்று இவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் அது சரியாகுமா?

அமெரிக்காவில் கெவின் ஹால் என்னும் அறிஞரின் குழுவினர் செய்த ஆராய்ச்சி 2019-இல் வெளியாயிற்று. 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் தயாரான உணவையும், இரண்டு வாரம் காய்கனி, பருப்பு முதலியவற்றால் சமைத்த உணவையும் கொடுத்தனர். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு ஆகியவை இரண்டிலும் ஏறக்குறைய சமமே. வேண்டிய மட்டும் உண்ணலாம். ஆலை உணவு உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர்; சுமார் 900 கிராம் எடை கூடினர். சமைத்த உணவின்போது அதே அளவு எடை குறைந்தனர். மனிதர்கள் மாறவில்லை, உணவுதான் மாறியது!

இதன் காரணம் என்ன? மிருதுவான உணவை நாம் வேகமாக உண்கிறோம். 'போதும்' என்று வயிறு உணர்த்துவதற்குள் அளவு மீறிவிடுகிறது. மேலும், பிஸ்கட்டில் நீர் மிகக் குறைவு. மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் அதிகம். 300 மில்லிலிட்டர் குளிர்பானத்திலோ சுமார் 30 கிராம் சர்க்கரை உண்டு. அதைக் குடித்தாலும் பசி அடங்குவதில்லை.

நம் தருமபுரி மாவட்டத்தின் கேழ்வரகுக் களியை எண்ணிப் பாருங்கள். அதையும் நாம் மெல்லாமல்தானே விழுங்குகிறோம்? ஆயினும் அதில் பெரும்பகுதி நீர், நார்ச்சத்தும் உண்டு. கீரைக் கடைசலோடு உண்டால் நெடுநேரம் பசி தாங்கும். கேழ்வரகிலும் அரிசியைப் போலவே கலோரி உண்டு; எனவே அதற்கும் அளவு வேண்டும். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வளரும் பெண்களுக்கு இது மிகவும் தேவை. 2023-இல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

தோழிகளே! பருமனான தோழியைக் கேலி செய்வது அறியாமை. எடைக்கு அஞ்சிக் காலை உணவைத் துறப்பதும் தவறு. களியும் அடையும் கொண்டுவர வெட்கப்பட வேண்டாம். பெற்றோரே! பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டலோ, வேர்க்கடலையோ, கொய்யாப்பழமோ கொடுத்தனுப்புங்கள். கேக்கும் முறுக்கும் விழா நாட்களுக்கு இருக்கட்டும். அன்றாட உணவு நம் அடுப்படியிலிருந்தே வரட்டும்!