அசலில் கை வைக்க ஒரு விளக்கம் போதும்: திமோர்-லெஸ்தேயின் எண்ணெய்ப் பணக் கணக்கு

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை அன்று, கோலாலம்பூர் மாநாட்டில் திமோர்-லெஸ்தே ஆசியானின் 11-வது உறுப்பு நாடானது. 2011-ல் போட்ட விண்ணப்பத்துக்கு 14 ஆண்டுகள் கழித்து அப்போதுதான் பதில் கிடைத்தது. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் பாதி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எழுதியவை. அவற்றுக்கான விடைகள் கடைசியில் உள்ளன. மற்றவர்களின் குழப்பம் ஒன்றுதான்: "13 லட்சம் பேருக்கு 1,800 கோடி டாலர் சேமிப்பு என்கிறீர்கள். பிறகு ஏன் அதை ஏழை நாடு என்கிறீர்கள்?"

போர்ச்சுகீசிய ஆட்சி, 1975-ல் இந்தோனேசியப் படையெடுப்பு, 1999 வாக்கெடுப்பு, 2002-ல் விடுதலை ஆகியவை தெரிந்த கதை. நேராகப் பணத்துக்கு வருவோம்.

பணம் எங்கே இருக்கிறது?

2005-ல் இயற்றிய சட்டப்படி, கடலடி எண்ணெயும் எரிவாயுவும் தரும் வருமானம் முழுவதும் பெட்ரோலிய நிதியத்துக்குப் போகிறது. நார்வேயைப் பார்த்து அமைத்த ஏற்பாடு இது. மத்திய வங்கி அந்தப் பணத்தை வெளிநாட்டுக் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் போட்டு வைக்கிறது. செலவுக்கு எடுக்க ஒரே வாசல்தான்: நாடாளுமன்றம் பட்ஜெட்டில் ஒப்புதல் தந்த தொகை அரசின் ஒரே கணக்குக்குப் போகும். எந்த அமைச்சரும் தனியாகக் காசோலை கிழிக்க முடியாது. எண்ணெய்ப் பணம் எந்தப் பைக்குப் போனது என்றே தெரியாத நாடுகள் பல இருக்கும்போது, இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

எவ்வளவு எடுக்கலாம்?

எடுக்கும் தொகைக்குச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதற்கு 'மதிப்பிடப்பட்ட நீடித்த வருமானம்' என்று பெயர். பிள்ளைகளின் பங்கைத் தொடாமல் ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய தொகை என்பது அரசு தரும் விளக்கம். கணக்கு இதுதான்: நிதியத்தில் இருக்கும் பணத்தோடு, இனி கடலிலிருந்து வரவிருக்கும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கூட்ட வேண்டும். அந்தத் தொகையில் 3% எடுக்கலாம். ஓய்வூதியக்காரர் அசலைத் தொடாமல் வட்டியில் குடும்பம் நடத்துவது போல.

அந்த நீண்ட பெயரில் நம்பத்தக்க சொல் 'மதிப்பிடப்பட்ட' என்பது மட்டுமே. தொடக்கத்தில் கூட்டுத் தொகையின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. நிதியத்தை நிரப்பிய பாயு-உண்டான் வயல் 2025-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அடுத்த நம்பிக்கையான கிரேட்டர் சன்ரைஸ் வயலுக்கு ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாததால் அது கணக்கில் சேராது. ஆக, மிச்சம் இருப்பது வங்கிக் கையிருப்புதான். 1,800 கோடி டாலரில் 3% என்றால் சுமார் 54 கோடி டாலர்.

கோட்டைத் தாண்டினால்?

ஒன்றும் ஆகாது. இதுதான் இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம். கவலைக்கு இடமும் இதுவே. 3 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மேலே எடுப்பது நாட்டின் நீண்டகால நலனுக்கு ஏன் நல்லது என்று அரசு நாடாளுமன்றத்துக்கு விரிவான விளக்கம் தர வேண்டும், அவ்வளவுதான். கதவுக்குப் பூட்டு போடாமல் மணி கட்டியிருக்கிறார்கள். மணி ஒலித்தால் ஊர் திரும்பிப் பார்க்கும், அந்தக் கூச்சமே கையைத் தடுக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை தடுக்கவும் செய்தது. 2008-ல், போதிய விளக்கம் இல்லாமல் கூடுதல் தொகை எடுப்பது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், விளக்கத்தைச் சரியாக எழுத வேண்டும் என்பதே. அடுத்த ஆண்டே கோடு தாண்டப்பட்டது. அதன் பிறகு அது பெரும்பாலும் ஆண்டு வழக்கமாகிவிட்டது. தினமும் ஒலிக்கும் மணிக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அரசின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1999-ல் கட்டடங்களும் மின்கம்பிகளும் எரிந்த நாடு, வட்டியை மட்டும் எண்ணிக்கொண்டு காத்திருக்க முடியாது. ஊர் ஊராக மின்சாரம் போனது இந்தப் பணத்தில்தான். ஆனால் போட்ட பணம் வேறு வருமானத்தைக் கொண்டுவரும் என்ற பாதிதான் இன்னும் நடக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் எடுப்பது 100 கோடி டாலரைத் தாண்டுகிறது. கோட்டைப் போல ஏறக்குறைய இருமடங்கு. இப்படியே போனால் 2030-களில் நிதியம் வற்றிவிடும் என்று உலக வங்கி எச்சரிக்கிறது. 1,800 கோடி இருந்தும் ஏன் ஏழை என்று கேட்டவர்களுக்குப் பதில் இது: பட்ஜெட்டின் பெரும்பகுதியைச் சேமிப்பே தாங்குகிறது. சம்பாதிக்க வேறு வழி இன்னும் பிறக்கவில்லை.

மணி ஒலிக்காத வழியும் உண்டு. 2019-ல் சன்ரைஸ் வயலில் இரு வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை வாங்க, அரசு எண்ணெய் நிறுவனமான திமோர் கேப் நிறுவனத்துக்கு நிதியத்திலிருந்து 65 கோடி டாலர் கொடுத்தார்கள். அது செலவுக் கணக்கில் ஏறவில்லை, நிதியத்தின் 'முதலீடு' என்று பதிவானது. முதலீட்டுக்கு 3% கோடு கிடையாது.

2025 செப்டம்பரில் தலைநகர் டிலியில் மாணவர்கள் ஏன் தெருவில் இறங்கினார்கள்?

65 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பிராடோ கார் வாங்கும் திட்டத்துக்கு எதிராக. அதன் செலவு சுமார் 42 லட்சம் டாலர். ஆண்டுதோறும் கோட்டுக்கு மேல் எடுக்கும் தொகையில் இது நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் காரைக் கண்ணால் பார்க்க முடியும், சதவீதத்தைப் பார்க்க முடியாது. திட்டம் ரத்தானது.

சன்ரைஸ் வந்தால் நிதியம் பிழைக்குமா?

2018-ல் ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தப்படி, குழாய் திமோருக்கு வந்தால் வருவாயில் 70%, ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் போனால் 80% திமோர்-லெஸ்தேக்குக் கிடைக்கும். 1974-ல் கண்டுபிடித்த வயலில் இன்றுவரை குழாய் இறங்கவில்லை.

கிழக்கு திமோரும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். மலாயில் 'திமூர்' என்றாலும் போர்ச்சுகீசியத்தில் 'லெஸ்தே' என்றாலும் கிழக்குதான்.

மேற்குத் திமோர்?

இந்தோனேசியாவுடையது. அதன் வடகரையில் உள்ள ஓகுசி என்ற துண்டு நிலம் மட்டும் திமோர்-லெஸ்தேக்குச் சொந்தம்.

ஆட்சி மொழி?

தேத்தும், போர்ச்சுகீசியம்.

நாணயம்?

அமெரிக்க டாலர். சில்லறைக்கு மட்டும் சொந்த சென்டாவோ காசுகள்.

தலைவர்கள்?

அதிபர் ஜோசே ராமோஸ்-ஹோர்தா, பிரதமர் சனானா குஸ்மாவ்.

எண்ணெய் தவிர?

காப்பி. இலைத்துரு நோயைத் தாங்கும் 'திமோர் கலப்பினம்' அந்தத் தீவில் தானாகவே பிறந்தது. நம் தோட்டங்களில் உள்ள 'செலக்‌ஷன் 9' ரகத்தில் ஓடுவதும் அதன் ரத்தம்தான்.

ஆசியானில் சேர்ந்ததால் பணம் வருமா?

முதலில் போகும். செயலகச் செலவுக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே அளவு சந்தா கட்ட வேண்டும். சிங்கப்பூர் கட்டுவதையே திமோர்-லெஸ்தேயும் கட்டியாக வேண்டும். அதுவும் அந்த மணி கட்டிய கதவு வழியாகத்தான் வெளியே வரும்.