பழைய கம்ப்யூட்டர் ‘அடையாளம் தெரியலை’ன்னு சொல்லுதா?

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ரேஷன் கார்டைச் செல்போனில் படம் எடுத்தாச்சு. அதை வீட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்று கேபிளைச் செருகினால், ‘யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று திரை ஓரத்தில் ஒரு செய்தி. பதற வேண்டாம். கருவி கெட்டுப்போச்சு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ‘ஏதோ வந்து ஒட்டியிருக்கு, அது யாருன்னுதான் எனக்குத் தெரியலை’ என்கிறது கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே கம்பி நைந்துபோன கேபிள்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும். எந்தச் செய்தியும் வராமல் சார்ஜ் மட்டும் ஏறுகிறதா? போனில் மேலிருந்து கீழே இழுத்து ‘பைல் டிரான்ஸ்பர்’ என்பதைத் தொடுங்கள். அப்படி ஒன்று வரவே இல்லையென்றால், அது தகவல் போகாத சார்ஜ் கேபிளாக இருக்கலாம். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டு, மதர்போர்டில் நேரடியாக இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள். அதுவும் சரிவரலையா? கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகு பல கருவிகள் தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

இன்னமும் தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். விண்டோஸ் 10-ல் ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும். விண்டோஸ் 7-ல் ‘கம்ப்யூட்டர்’ மேல் ரைட் கிளிக் செய்து ‘மேனேஜ்’. அங்கே மஞ்சள் முக்கோணம் இருக்கும் பெயரை இரண்டு முறை கிளிக் செய்து கோட் எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை என்று பொருள், போட்டால் சரியாகிவிடும். 43 என்றால் கருவியே கோளாறு சொல்லியிருக்கிறது. அதே கருவியை வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

புதிதாக விண்டோஸ் போட்ட பழைய லேப்டாப்பில் ‘பேஸ் சிஸ்டம் டிவைஸ்’ என்று மஞ்சள் குறி வந்தால் அது பெரும்பாலும் மெமரி கார்டு ரீடர்தான். ‘எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்’ என்றால் சிப்செட் டிரைவர் பாக்கி. இன்னொன்று: விண்டோஸ் 7-ல் யுஎஸ்பி 3.0 டிரைவர் கூடவே வராது. நீல நிற போர்ட் வேலை செய்யாவிட்டால் கறுப்பில் செருகுங்கள்.

வெறும் ‘அன்னோன் டிவைஸ்’ என்று மட்டும் இருந்தால் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ தேர்ந்தெடுத்து, வரும் எண்ணைப் போனில் படம் எடுங்கள். அதில் 8086 என்று தொடங்கும் தயாரிப்பாளர் எண் இன்டெல்லுடையது, 1002 ஏஎம்டி. வைஃபை டிரைவரே இல்லாததால் நெட் கிடைக்கவில்லையா? உங்கள் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள்.

டிரைவரைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்ற விளம்பரத்தையோ, போன் செய்து ரிமோட் ஆப் போடச் சொல்பவரையோ நம்ப வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. அதனால் புது பிரின்டர் வாங்கும்போது, உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். கடைசித் தேதி நாளைக்கு என்றால் இதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; ஆவணங்களோடு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.