பேசியது ஒருவர், பதில் சொல்வது வேதக்காரங்க

2021 ஜூலை 24. மதுரையை அடுத்த கள்ளிக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரைப் போலீசார் கைது செய்தார்கள். பெயர் ஜார்ஜ் பொன்னையா, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஆறு நாளுக்கு முன் அருமனையில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு, அதற்குள் தமிழ்நாட்டின் செல்போன்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்திருந்தது.

அப்போது நாகர்கோவில் பா.ஜ.க. எம்.எல்.ஏ.வாக இருந்த எம்.ஆர்.காந்தி செருப்பு அணியாதவர். பாரத மாதாவை மிதிக்கக் கூடாது என்பது அவர் மனதுக்குள் வைத்திருக்கும் மரியாதை. அதைத்தான் பாதிரியார் மேடையில் கேலி செய்தார். பாரத மாதாவால் சொறி சிரங்கு வந்துவிடக் கூடாது என்றுதான் நாங்கள் செருப்புப் போடுகிறோம் என்ற பொருளில் பேசினார். தி.மு.க.வின் வெற்றி கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் போட்ட பிச்சை என்றார். கன்னியாகுமரியில் 42 சதவீதமாக இருந்த நாங்கள் 62-ஐத் தாண்டிவிட்டோம், சீக்கிரம் 70 ஆவோம் என்றும் சவால் விட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். தமிழ்நாடு முழுவதும் 6.12 சதவீதம். மேடையில் கைதட்டலுக்காக ஊதிச் சொன்ன எண்ணுக்கு, மதுரையிலும் விருதுநகரிலும் சிறுபான்மையினரிலும் சிறுபான்மையாக வாழ்கிறவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

கோச்சடையை எடுத்துக்கொள்வோம். மதுரைக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் முத்தையா கோயில்தான் நினைவுக்கு வரும். வைகைக் கரையில், மேலக்கால் ரோட்டை ஒட்டி வளர்ந்த பகுதி. இதுபோன்ற இடங்களில் பத்து வீடு உள்ள தெருவில் ஒன்றோ இரண்டோதான் 'வேதக்காரங்க' வீடாக, அதாவது கிறிஸ்தவர் வீடாக இருக்கும். கிறிஸ்துமஸ் வந்தால் அந்த வீட்டிலிருந்து தட்டு தட்டாகப் பலகாரம் போகும். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரம் வரும். "சாமிக்குப் படைக்கிறதுக்கு முந்தியே தனியா எடுத்து வச்சிட்டேன்க்கா, புள்ளைகளுக்குக் குடுங்க" என்று சொல்லித் தருகிறவர்கள் மதுரைத் தெருக்களில் ஏராளம். படைத்ததை இவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதில் கோபப்படாமல், படைப்பதற்கு முன்பே ஒரு கரண்டி எடுத்து வைக்கிறார்களே, அந்தப் பெருந்தன்மை பல தலைமுறையாகப் பழகிப் பழகி வந்தது. மேடைப் பேச்சு குலைப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

வீடியோ வந்த மறுநாள் அந்தக் கரண்டி நின்றுவிடாது. ஆனால் ஒரு சந்தேகம் நுழைந்துவிடும். 'இவங்களும் உள்ளுக்குள்ள அப்படித்தான் நினைக்கிறாங்களோ?' வாயைத் திறந்து கேட்டால்கூட பதில் சொல்லிவிடலாம். கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டால் எந்த வீட்டுப் படியேறி விளக்குவது?

2018-லும் இதே கதை நடந்தது. நாலுமாவடி 'இயேசு விடுவிக்கிறார்' ஊழியத்தின் மோகன் சி. லாசரஸ், தமிழ்நாட்டுக் கோயில்களைச் சாத்தானோடு சேர்த்துப் பேசிய வீடியோ பரவியது. பல காவல் நிலையங்களில் வழக்கு பதிவாயிற்று. அவர் வருத்தம் தெரிவித்தார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்தது. வழக்கு முடிந்தது. வீடியோ முடியவில்லை.

வேறு நாடுகளில் இத்தகைய பழிப்பின் விலை உயிராகவே போயிருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு சின்னஞ்சிறு சபையின் பாஸ்டர் டெர்ரி ஜோன்ஸ். 2011 மார்ச்சில் அவருடைய சபையில் குர்ஆன் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 1 அன்று ஆப்கானிஸ்தானின் மசார்-இ-ஷரிஃபில் கொதித்தெழுந்த கூட்டம் ஐ.நா. அலுவலகத்துக்குள் புகுந்தது. அங்கு வேலை பார்த்த 7 பேர் இறந்தார்கள். பாஸ்டரின் முகத்தைக்கூட நேரில் பார்த்திராதவர்கள்.

மதுரைக்கு இது புதிய பாடமும் அல்ல. 1606-ல் ராபர்ட் டி நொபிலி இங்கு வந்தபோது, அவருக்கு முன் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் 11 ஆண்டுகள் உழைத்தும் உள்ளூரில் ஒருவரையும் சபையில் சேர்க்க முடியாமல் இருந்தார். அவர் நல்லவர், நோயாளிகளைப் பார்த்தார், பள்ளி நடத்தினார். ஆனால் கிறிஸ்தவம் என்றால் பரங்கிக்காரர்களின் நடை உடை, குடி, அதிகாரம் என்பதே மதுரை மக்கள் கண்ட காட்சி. நொபிலி காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அந்த வழிமுறைக்கு அனுமதி தந்தார். மரியாதையோடு பேசினால் ஊர் காது கொடுக்கும் என்பதை அவர் காட்டினார். அதே நேரம், சாதி வேற்றுமையைத் தொடாமல் விட்ட அவருடைய வழியின் சுமையைத் தலித் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அப்படியானால் மதத் தலைவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? கூடவே கூடாது. கோச்சடையிலிருந்து அதிக தூரமில்லை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று அறியப்பட்டவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்ண வேண்டும் என்றார். திருச்சபைக்குள் இருக்கும் சாதியை ஒளிவு மறைவில்லாமல் சாடினார். அவர் சாடியது தன் வீட்டை. அதனால் ஏழைக் கிறிஸ்தவனுக்குத் தலை நிமிர்ந்தது.

அருமனைக் கூட்டத்தின் பெரிய வேதனையும் இங்கேதான். அது கூட்டப்பட்டதே ஸ்டான் சுவாமிக்கு அஞ்சலி செலுத்த. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும் விசாரணையின்றிச் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் பேசிய இயேசு சபைத் துறவி. நடுக்கு வாதத்தால் கை நடுங்கி, தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழாய் கேட்டு மன்றாடியவர். விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5-ல் மும்பை மருத்துவமனையில் இறந்தார். அதிகாரத்தை எதிர்த்து அவரைவிட வெளிப்படையாகப் பேசியவர் யார்? ஆனால் எந்த ஏழையின் தெய்வத்தையும் அவர் பழித்ததில்லை. அவருக்கான அஞ்சலி மேடையில் பிறர் நம்பிக்கை மீது சேறு வீசப்பட்டது. மறுநாள் தமிழ்நாடு பேசியது சேற்றைப் பற்றி. ஸ்டான் சுவாமியின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது.

வீடியோ வெட்டி ஒட்டப்பட்டது என்று கூறிய ஜார்ஜ் பொன்னையா மன்னிப்பும் கேட்டார். 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவர் மீதான வழக்கின் சில பிரிவுகளை மட்டும் ரத்து செய்துவிட்டு, மத உணர்வைப் புண்படுத்துதல், பகைமை வளர்த்தல் போன்ற பிரிவுகளை நிலைநிறுத்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் ராகுல் காந்தி நடைப்பயணத்தின்போது பாதிரியாரைச் சந்தித்தார். பழைய வீடியோ மறுபடி வீடு வீடாக வந்தது.

பிற சமயங்களை மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே எழுதி வைத்துவிட்டது. அது ஏட்டில் இருந்தால் போதாது. ஒரு பாதிரியாரோ பாஸ்டரோ இப்படிப் பேசினால், ஆயர் இல்லத்து லெட்டர்பேடில் நாலு வரி வருத்தம் எழுதி அனுப்புவதால் பயனில்லை. பேசியவர் அதே ஊரில், அதே மைக்கில், புண்பட்டவர்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த ஞாயிறு எல்லாப் பீடங்களிலிருந்தும் அதைப் படிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் துணிச்சல் பங்குப் பேரவைகளுக்கும் சபைக் கமிட்டிகளுக்கும் வர வேண்டும். காணிக்கை போடுவதும் அவர்கள்தான். திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டாரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.