கைப்பேசியில் வரும் வெயில் செய்தி

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரப் பங்குகளில் பனியன் கம்பெனிக்குச் செல்லும் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. தையல், செக்கிங், கை மடித்தல், அயர்னிங் என்று ஏதேனும் ஒரு வேலையில் தாயோ தந்தையோ மகளோ இருப்பர். இவ்வேலைகள் யாவும் கூரையின் கீழ் நடைபெறுபவை. ஆதலால் வெயிலின் கொடுமை வயலில் நிற்பவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானிலைச் செய்திக்கு இன்று பஞ்சமில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அதனோடு இணைந்த நிறுவனங்களும் 2019-ஆம் ஆண்டில் உழவர்களுக்கென ‘மேகதூத்’ செயலியை வெளியிட்டன. செவ்வாய், வெள்ளி ஆகிய நாள்களில் மாவட்ட வாரியாகப் பயிருக்கும் கால்நடைக்கும் உரிய யோசனைகள் அதில் வருகின்றன. இடி மின்னலை முன்னுணர்த்தும் ‘தாமினி’ செயலி புனே நகர ஆய்வு நிறுவனம் தந்தது. பொதுமக்களுக்கான ‘மௌசம்’ செயலி 2020-இல் வந்தது. மறுநாள் வெயில் கடுமை என அறிந்தால், பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையாளர் தீவன நேரத்தை மாற்றுகிறார், கூரைமீது நீர் தெளிக்கிறார், மின்விசிறியைச் சரிபார்க்கிறார். எடை கூடிய கோழி வெப்பத்தில் மடிந்தால் நட்டம் யாருக்கு என்பதை அவர் அறிவார். கோழிக்குக் கிட்டிய இந்த அக்கறை, பவர் டேபிளில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் கிட்டியதா என்று வினவுவது தவறாகாது அன்றோ?

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கூறியாக வேண்டும். கைப்பேசி காட்டும் வெப்பநிலை, திறந்த வெளியில், காற்றோட்டமுள்ள நிழலில் அளக்கப்படுவது. கல்நார் அல்லது தகரக் கூரையின் கீழ், நீராவித் தேய்ப்பு மேசைகளும் மோட்டார்களும் ஓடும் அறையின் நிலை அதுவன்று. அங்கே வெப்பத்தோடு ஈரப்பதமும் கூடுகிறது. மனித உடல் வியர்வையை உலரவிட்டே தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமேயன்றி உலராது. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு ஆகியவை வருமுன் எச்சரிக்கைகள். கழிப்பறைக்குச் செல்ல நேரம் கிட்டாது என்றஞ்சித் தண்ணீரே அருந்தாதிருக்கும் பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எனவே செயலி ஒன்று போதாது. கம்பெனிச் சுவரில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் ஒரு சிறு கருவியும் தொங்க வேண்டும்.

செய்தி வந்தால் மட்டும் போதுமா? புதுச்சேரிக் கடற்கரை இதற்கு விடை தருகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அப்பகுதிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் குறித்த செய்தியை இணையத்திலிருந்து பெற்று, ஒலிபெருக்கியில் மீனவர்க்கு உரைத்து வந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் பணியிலிருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, ஆள் அழியவில்லை. தொலைபேசி கொணர்ந்த செய்தியை, ஊரார் நம்பும் குரலொன்று ஊரார் மொழியில் உடனே கூறியது. அதுவே காத்தது.

திருப்பூரில் அக்குரல் எது? ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்போர்க்குத் தமிழ்ச் செய்தி விளங்காது. தமிழறிந்த நம்மவரும் வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொட இயலாத கம்பெனிகள் உள.

இவற்றினும் பெரிய தடை கூலி. பீஸ் ரேட்டில் தைப்பவரிடம், “நண்பகலில் ஓய்வெடுங்கள்” என்று செய்தி அனுப்பினால், அவர் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் தைத்துக்கொண்டேதான் இருப்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை.

இச்சிக்கலுக்கு வழி தேடியவர்கள் அகமதாபாத்தின் ‘சேவா’ சங்கத்துப் பெண்கள். ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து 1972-இல் இலா பட் அம்மையார் உருவாக்கிய சங்கம் அது. ஆகவே துணித் தொழிலுக்கு அந்நியமன்று. 2024 கோடையில் குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் 50,000 பெண் உறுப்பினர் வெப்பக் காப்பீட்டில் சேர்ந்திருந்தனர். வெப்பநிலை குறித்த அளவைத் தாண்டினால் மருத்துவச் சான்றோ விண்ணப்பமோ வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் பணம் சேரும். அவ்வாண்டு 46,000-க்கும் மேற்பட்டோர் ஆளுக்கு ஏறத்தாழ 400 ரூபாய் பெற்றனர். தொகை சிறிதெனினும், ஒரு நாள் நிழலில் அமரத் துணிவு தரும் தொகை.

தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு நிவாரணம் வழங்க வழி செய்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது இறப்புக்குப் பின் வருவது. இறவாதிருக்கச் செய்யவேண்டியது முந்தின நாள் மாலையிலேயே கைக்கு எட்டுகிறது; முன்னறிவிப்பு அப்போதே வந்துவிடுகிறதல்லவா? எட்டரை மணி வேலையை ஆறு மணிக்குத் தொடங்கி, நண்பகலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, மாலையில் தொடர்ந்தால் பீஸ் எண்ணிக்கை பெரிதும் குறையாது. கம்பெனி வேன் நேரத்தையும் குழந்தைகளின் பள்ளி நேரத்தையும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்களை நாம் அசைக்க முடியாதிருக்கலாம். ஆனால் பத்துப் பதினைந்து பவர் டேபிள்களுடன் ஜாப் ஒர்க் எடுத்து நடத்துவோர் நம் பங்குகளிலேயே பலர் உளர். மாசி மாதத்திற்குள் அவர்கள் சுவரில் அந்தக் கருவியை மாட்டி, கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் ஒருவரிடம் மாலைச் செய்தியை விடுதியில் உரைக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம். வரும் கோடைக்கு அவகாசம் இருக்கிறது.