காலை எடு, கண்ணை எடுக்காதே! லாரியில் "குரூஸ் கன்ட்ரோல்"

லாரி டிரைவரின் வலது காலுக்கு லீவு கிடைத்திருக்கிறது!

புதிதாக வரும் கனரக லாரிகள் பலவற்றில் "குரூஸ் கன்ட்ரோல்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது அதை அமுக்கினால், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து விடலாம். வண்டி அதே 60-ல் ஓடிக்கொண்டே இருக்கும். மேடு வந்தால் என்ஜினுக்குக் கூடுதல் டீசல் தானாகப் போகும். சமதரை வந்தால் குறையும். பிரேக்கைத் தொட்டால் போதும், பிடி விட்டுவிடும்.

ராத்திரி முழுக்க ஓட்டுகிறவருக்கு இது பெரிய சுகம். கால் வலி குறையும். ஒரே சீராக ஓடுவதால் டீசலும் மிச்சம்.

ஆனால், இடம் தெரியாமல் அமுக்கினால் ஆபத்து!

பார்வை இல்லாதவர் கண்டுபிடித்தது

இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? கார் ஓட்டவே முடியாதவர்! அமெரிக்க என்ஜினீயர் ரால்ப் டீட்டர். 5 வயதில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினால் வேகம் குறையுமாம். பேச்சைக் கேட்டால் வேகம் கூடுமாம். அந்தக் குலுக்கலில் நொந்துபோய்த்தான் டீட்டருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1950-ல் காப்புரிமை வாங்கினார். 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி கார்களில் வந்தது.

தொப்பூர் இறக்கம்

பெங்களூரில் இருந்து சேலம் வரும் ரோட்டில், தர்மபுரியைத் தாண்டினால் தொப்பூர் கணவாய். நீண்ட இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மீது மோதி, எத்தனையோ உயிர்கள் போன இடம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த கோரம் பலருக்கு நினைவிருக்கும்.

இங்கே குரூஸ் கன்ட்ரோல் கைகொடுக்குமா? சாதாரணக் கருவிக்கு டீசலைக் கூட்டவும் குறைக்கவும்தான் தெரியும். பிரேக் போடத் தெரியாது. 30 டன் எடை பின்னால் இருந்து தள்ளும்போது, டீசலை அடியோடு நிறுத்தினாலும் வேகம் ஏறிக்கொண்டேதான் போகும்.

ஆகவே, இறக்கம் தொடங்கும் முன்பே பொத்தானை அணைத்துவிட வேண்டும். கியரைக் குறைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட வேண்டும். கால் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காமல் போகும்.

"நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்ணே" என்பது லாரிப் பேட்டையில் பழைய பேச்சு. இன்றைய எலெக்ட்ரானிக் என்ஜினில் அது எடுபடாது. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் அடியோடு நிற்கும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். காசும் மிச்சம் இல்லை. உயிருக்கும் உத்தரவாதம் இல்லை!

மழையிலும் வேண்டாம்

மழை ரோடு, வளைவு, ஊருக்குள், நெரிசல், டோல்கேட் - இங்கெல்லாம் பொத்தான் பக்கமே போகக்கூடாது. ஈரத்தில் டயர் வழுக்கினால் மனிதன் உடனே காலை எடுப்பான். கருவியோ குறித்த வேகத்தைப் பிடிக்கவே பார்க்கும்.

முன்னால் போகும் வண்டியை ராடார் மூலம் பார்த்து, தானே வேகத்தைக் குறைக்கும் கருவியும் சில லாரிகளில் வந்துவிட்டது. அதையும் முழுக்க நம்பிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி தூக்கம். காலுக்கு வேலை இல்லை என்றால் கண் சொருகும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் 3 வினாடி கண் மூடினால் லாரி 50 மீட்டர் ஓடிவிடும்! கால் எப்போதும் பிரேக் அருகிலேயே இருக்கட்டும். கொட்டாவி வந்தால் பொத்தானை அணைத்து, ஓரமாக நிறுத்தி, தூங்கிவிட்டுப் போவதே நல்லது.

கார், ஸ்கூட்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சீராக வரும் லாரிக்கு முன்னால் திடீரென்று புகுந்து பிரேக் போடாதீர்கள். லோடு லாரி உங்கள் வண்டி மாதிரி சட்டென்று நிற்காது.

வேகத்தைப் பொத்தான் பார்த்துக்கொள்ளும். ரோட்டைப் பார்க்க வேண்டியவர் டிரைவர்தான்!