உங்கள் காதுக்கு ஏற்ற அளவு எது?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையுடன் கதைப்பதற்கும், தைத்த உடுப்புகளுக்கு ஓடர் எடுப்பதற்கும், சங்கக் கூட்டம் எப்போது என்று விசாரிப்பதற்கும் இன்று எமக்குக் கைத்தொலைபேசி தேவைப்படுகின்றது. ஆனால் தையல் இயந்திரத்தின் முன்னாலோ அடுப்படியிலோ இரண்டு கைகளாலும் வேலை செய்யும் பெண் போனைக் காதோடு பிடித்துக்கொண்டிருக்க முடியாது. இதனாலேயே வயர் இல்லாத இயர்பட்கள் எமது பெண்கள் மத்தியிலும் பரவலாகி வருகின்றன. பலருக்கு அவை கடையில் வாங்கியவையல்ல. கனடாவிலிருந்தோ, பிரான்சிலிருந்தோ, கட்டாரிலிருந்தோ உறவினர் அனுப்பியவை. சில வேளைகளில் அவர்கள் பாவித்துவிட்டுக் கொடுத்தவை.

பெண்களுடன் உரையாடும்போது இது பற்றி ஒரே விதமான முறைப்பாடுகளையே கேட்கின்றோம். "குனிஞ்சா விழுந்திடுது." "அரை மணித்தியாலம் போட்டாலே காது நோகுது." "என்ர காது இதுக்குச் சரியில்லை போல." இவற்றில் கடைசி வசனத்தை நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு பொருள் தனக்குப் பொருந்தாதபோது குறை தன்னுடைய உடம்பில்தான் என்று நினைப்பது எம்மிடம் ஊறிப்போன பழக்கம். உண்மையில் பெரும்பாலும் பிழை காதில் இல்லை. இயர்பட்டின் முனையில் மாட்டப்பட்டிருக்கும் சிறிய இறப்பரின் அளவிலேயே இருக்கின்றது. அந்த இறப்பரைக் கழற்றி மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் இருக்கின்றது.

சிறிய இறப்பரின் வேலை

கடைகளில் 'ரிப்ஸ்' என்றும் 'இயர்பட் இறப்பர்' என்றும் சொல்லப்படும் இந்தத் துண்டு மூன்று வேலைகளைச் செய்கின்றது. இயர்பட் விழாமல் தாங்கிக்கொள்கின்றது. கடினமான பிளாஸ்ரிக் காதின் மெல்லிய தோலில் உரசாமல் தடுக்கின்றது. காதின் துவாரத்தை மூடி, வெளிச்சத்தம் உள்ளே வராமலும் உள்ளே வரும் ஒலி வெளியே கசியாமலும் பார்த்துக்கொள்கின்றது.

இம்மூன்றாவது வேலைதான் எமது ஆரோக்கியத்தோடு நேரடியாகத் தொடர்புபட்டது. இறப்பர் சரியாகப் பொருந்தாவிட்டால் பஸ் இரைச்சலும் இயந்திரச் சத்தமும் உள்ளே வரும். பேசுபவரின் குரல் தெளிவில்லாமல் மெலிந்து கேட்கும். அப்போது நாம் என்ன செய்கின்றோம்? சத்தத்தைக் கூட்டுகின்றோம். ஒவ்வொரு நாளும் அப்படிக் கூட்டிக் கூட்டிக் கேட்பது செவிப்புலனைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, 80 டெசிபல் அளவான ஒலியை வாரத்திற்கு 40 மணித்தியாலங்கள் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். அதுவே 90 டெசிபலாக உயர்ந்தால் வாரத்திற்கு 4 மணித்தியாலங்கள் மாத்திரமே. சத்தம் கொஞ்சம் கூடினாலும் பாதுகாப்பான நேரம் வேகமாகச் சுருங்கிவிடுகின்றது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். போனின் சத்தத்தை அதன் முழு அளவில் 60 சதவீதத்திற்கு மேல் வைக்காதிருப்பது நல்லது. இறப்பர் சரியாகப் பொருந்தினால் அந்த அளவே தாராளமாகப் போதும்.

'சராசரிக் காது' யாருடையது?

காதுத் துவாரம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமானது. அது நேர்க்குழாய் அல்ல; உள்ளே வளைந்து செல்கின்றது. அதன் அகலமும் வளைவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளின் இடக்காதும் வலக்காதும்கூட ஒரே அளவில் இருப்பதில்லை. பொதுவாகப் பெண்களின் காதுத் துவாரம் ஆண்களுடையதைவிடச் சிறியது.

ஆனால் பெரும்பாலான இயர்பட்கள் நடுத்தர அளவு இறப்பர் மாட்டப்பட்டே பெட்டியில் வருகின்றன. சிறியது, பெரியது என்ற மற்ற அளவுகள் ஒரு சிறு பொலித்தீன் பையில் தனியாக இருக்கும். பெட்டியைத் திறந்த அவசரத்தில் அந்தப் பை குப்பைக்குப் போய்விடும். உறவினர் கையில் கொடுத்துவிட்டதாயின் அந்தப் பை எம்மிடம் வந்து சேர்வதே இல்லை.

பெரிய நிறுவனங்களும் இவ்விடயத்தைப் படிப்படியாகவே விளங்கிக்கொண்டன. அப்பிள் நிறுவனம் 2019இல் எயார்பொட்ஸ் புரோவை வெளியிட்டபோது மூன்று அளவு இறப்பர்களையே கொடுத்தது. 2022இல் வந்த இரண்டாவது வகையுடன்தான் 'எக்ஸ்எஸ்' எனப்படும் மிகச் சிறிய அளவையும் சேர்த்தது. ஆகவே நடுத்தர அளவு உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அளவைக் கண்டுபிடிக்கும் முறை

முதலில் இருக்கும் இறப்பர்களை எல்லாம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதியுங்கள். வலக்காதில் போடும்போது இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேற்புறமாகவும் பின்புறமாகவும் மெதுவாக இழுங்கள். வளைந்த துவாரம் சற்று நேராகும். அப்போது இயர்பட்டை வைத்து, மெல்லத் திருப்பி அமர்த்துங்கள். இடக்காதுக்கு வலக்கையால் இதனையே செய்யுங்கள். ஒருபோதும் பலவந்தமாக அமுக்க வேண்டாம்.

பின்னர் தலையை அசையுங்கள், குனிந்து நிமிருங்கள், வாயைத் திறந்து மூடுங்கள், இரண்டு மூன்று வசனம் கதையுங்கள். தாடை அசையும்போது காதுத் துவாரத்தின் வடிவமும் சிறிது மாறும். வாயை அசைத்தவுடன் இயர்பட் கழன்றால் அளவு சிறியதாக இருக்கலாம். நன்றாக உட்காராமல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றாலோ, சிறிது நேரத்தில் நோவும் அழுத்தமும் வந்தாலோ அளவு பெரியது.

இன்னுமொரு எளிய சோதனை உண்டு. தவில் அல்லது மிருதங்க ஒலியுள்ள ஒரு பாட்டைக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். இயர்பட்டை விரலால் இலேசாக உள்ளே தொட்டுப் பிடியுங்கள். பிடித்தவுடன் மேள ஒலி திடீரெனக் கனமாகக் கேட்டால், கையை எடுத்த நிலையில் இடைவெளி இருக்கின்றது என்று பொருள். அடுத்த அளவை மாட்டிப் பாருங்கள். வலக்காதுக்கு நடுத்தர அளவும் இடக்காதுக்குச் சிறிய அளவும் பொருந்தினால் அப்படியே மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் சோடியாக ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

எந்த அளவும் பொருந்தாவிட்டால் அல்லது இறப்பர் தொலைந்துவிட்டால் புதியதை வாங்கலாம். இயர்பட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. ஆனால் எல்லா இறப்பரும் எல்லா இயர்பட்டிற்கும் பொருந்தாது. எனவே கைத்தொலைபேசிக் கடைக்குப் போகும்போது இயர்பட், பழைய இறப்பர், சார்ஜ் செய்யும் பெட்டி ஆகிய மூன்றையும் கொண்டு செல்லுங்கள்.

முதலாவது, இறப்பரின் உட்துவாரம் இயர்பட்டின் முனையை இறுக்கமாகப் பிடிக்கவேண்டும். மாட்டிய பின்னர் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் அது காதுக்குள்ளேயே கழன்று நின்றுவிடும். இரண்டாவது, முனை வட்டமா முட்டைவடிவமா என்று பாருங்கள். எயார்பொட்ஸ் புரோ போன்ற சிலவற்றிற்கு அவற்றுக்கென்றே செய்த இறப்பர்தான் பொருந்தும். மூன்றாவது, புதிய இறப்பருடன் இயர்பட்டைப் பெட்டியில் வைத்து மூடிப் பாருங்கள். இறப்பர் நீளமாக இருந்தால் மூடி மூடாது, சார்ஜும் ஏறாது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

சிலிக்கன் இறப்பர், ஸ்பொஞ் போன்றது என இரு வகைகள் உண்டு. சிலிக்கன் நீண்ட காலம் பாவிக்கும், கழுவவும் இலகு. ஸ்பொஞ் வகையை விரல்களால் உருட்டிச் சுருக்கிக் காதில் வைத்து, அது விரியும்வரை சுமார் அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். அது காதின் வடிவத்திற்கு ஏற்ப விரிவதால் சிலிக்கன் வழுக்கி விழும் காதுகளுக்கு உதவும். ஆனால் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சுவதால் சில மாதங்களில் மாற்ற வேண்டியிருக்கும்.

ஷெல் சத்தம் கேட்ட காதுகள்

இந்த இதழின் வாசகிகளுக்கு இப்பகுதி மிக முக்கியமானது. குண்டும் எறிகணையும் அருகில் வெடிக்கும்போது எழும் அமுக்க அலை செவிப்பறையைக் கிழித்துவிடக் கூடியது. சிறிய கிழிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். சில மூடுவதில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் காதில் இரைச்சலோடும், ஒரு பக்கம் கேட்காமலும், இடையிடையே சீழ் வடிந்தபடியும் வாழும் பெண்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று நினைத்து, காதைக் காட்டுவதற்கென்று ஒருநாளும் வைத்தியசாலைக்குப் போகாதவர்களும் உண்டு.

காதில் சீழோ நீரோ வடிந்தால், வலி இருந்தால், அல்லது செவிப்பறையில் ஓட்டை இருப்பதாக வைத்தியர் சொல்லியிருந்தால், துவாரத்தை மூடும் இயர்பட்டை அந்தக் காதில் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் விடுவதையும் கோழி இறகு, ஊசி, பஞ்சுக்குச்சி என்பவற்றால் கிண்டுவதையும் அறவே தவிருங்கள். அரசாங்க வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். அங்கு பரிசோதனைக்குப் பணம் தேவையில்லை. ஒரு காது ஒரே நாளில் திடீரெனக் கேட்காமல் போனால் அன்றே செல்லுங்கள். தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறைந்துவிடும்.

ஒரு காது மட்டுமே நன்றாகக் கேட்பவர்கள் அந்தக் காதுக்குப் பொருந்தும் ஒரே ஒரு இயர்பட்டைப் பாவித்தால் போதும். போனின் அமைப்புகளில் 'அணுகல் வசதி' என்ற பகுதியில் 'மோனோ ஓடியோ' என்பதை இயக்கினால் இரண்டு பக்க ஒலியும் அந்த ஒன்றிலேயே கேட்கும். இருக்கின்ற அந்தக் காதைப் பாதுகாப்பதற்காகவேனும் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. வைத்தியர் கேட்டல் கருவி தேவை என்று சொன்னால் சாதாரண இயர்பட் அதற்கு ஈடாகாது என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

காதை அடைத்தால் பயம் வருகிறதா?

சில பெண்கள் இன்னொன்றையும் சொல்வார்கள். "ரெண்டு காதையும் அடைச்சா நெஞ்சு பதைக்குது, ஆரும் வாறது தெரியாதெண்டு." கிபிர் வரும் சத்தத்தைக் கேட்டுப் பதுங்கு குழிக்கு ஓடிய காலத்தில் காதுதான் எம்மைக் காப்பாற்றியது. அந்த விழிப்பு உடம்பில் இன்னும் தங்கியிருப்பது இயல்பானது. தனியாக வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது இன்றும் தேவையானதே. உங்களுக்கு அப்படியென்றால் வற்புறுத்திப் பழக வேண்டாம். ஒரு காதில் மட்டும் போடுங்கள். அல்லது துவாரத்தை மூடாமல் வெளியே நிற்கும் திறந்த வகையைத் தெரிவுசெய்யுங்கள்.

வீதியில் நடக்கும்போதும் சைக்கிள் ஓடும்போதும் புகையிரதப் பாதையைக் கடக்கும்போதும் எவருமே இரண்டு காதையும் மூடக்கூடாது. நன்றாகப் பொருந்திய இறப்பர் ரயிலின் சத்தத்தையும் மறைத்துவிடும்.

சுத்தமும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

சிலிக்கன் இறப்பரை வாரம் ஒருமுறையாவது கழற்றி, இளஞ்சூட்டு நீரிலும் சிறிது சவர்க்காரத்திலும் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். இயர்பட்டை நீரில் நனைக்க வேண்டாம். உலர்ந்த துணியால் துடையுங்கள். தலைமுழுகிய ஈரத்தோடு போட்டால் காதில் பங்கசு பிடிக்க வாய்ப்புண்டு. அடுத்தவருடன் இறப்பரை மாற்றிப் போடாதீர்கள். உறவினர் பாவித்துக் கொடுத்த இயர்பட்டாயின் புதிய இறப்பர் வாங்கிய பின்னரே பாவியுங்கள்.

இறப்பர் காதுக்குள் சிக்கிவிட்டால் கொண்டை ஊசியால் எடுக்க முனைய வேண்டாம். அது இன்னும் உள்ளே போகும். வைத்தியசாலையில் உரிய கருவியால் இலகுவாக எடுத்துவிடுவார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இறப்பரையும் இயர்பட்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தைகள் இவற்றை மூக்கிலும் வாயிலும் போடுவார்கள். இயர்பட்டின் உள்ளே மின்கலம் இருப்பதால் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அன்பான சகோதரிகளே, இறுக்கமான செருப்பையும் பொருந்தாத கண்ணாடியையும் "பரவாயில்லை, சமாளிப்பம்" என்று பாவித்துப் பழகியவர்கள் நாம். பிள்ளையின் சப்பாத்து கடித்தால் அடுத்த நாளே மாற்றிக் கொடுக்கும் நாம், எமது காது நோவதை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றோம். இன்றைக்கே அந்த இறப்பரைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் அளவைத் தேடி மாட்டுங்கள், சத்தத்தைக் குறையுங்கள். பல நாட்களாக வடியும் காது இருந்தால் அடுத்த கிளினிக் நாளிலேயே காட்டுங்கள். தூரத்திலிருக்கும் பிள்ளையின் குரலை இன்னும் பல வருடங்களுக்கு நாம் தெளிவாகக் கேட்க வேண்டும்.